பெயர் மாற்றம்

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. என்ன காலண்டர், என்ன அளவு, ஆர்டர் கொடுத்த பார்ட்டி எந்தக் கடை என்று அதில் எழுதியிருக்கும். படம் அதேதான், கடை மட்டும் வேறு என்றால் அட்டையில் இரண்டே வார்த்தை: பெயர் மாற்றம். அதே முருகன், அதே மயில், போன ஆர்டரில் ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இந்த ஆர்டரில் நகைக்கடை. பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் செய்வது பெரும்பாலும் இதுதான். முருகனை வரைந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிற காரியத்துக்கு இந்தப் பழக்கத்தைச் சாக்காக வைத்து எனக்கு நானே பல தடவை மன்னிப்புக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாக்கு செல்லாது.

எனக்குப் பிறந்த ஊர் மல்லாங்கிணறு. கல்யாணமாகித் திருத்தங்கல் வந்தேன். பிறந்த வீட்டில் மானாவாரிக் காடு கொஞ்சம் அதிகமாகவே உண்டு. களை எடுக்க வருகிறவர்களை அப்பா 'ஆள்' என்றுதான் சொல்வார். இன்னைக்கு எத்தனை ஆள், நாளைக்கு எத்தனை ஆள். எனக்கும் அவர்கள் முகம் தெரியுமே தவிர ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது. அதை அப்போது குறையாக நினைக்கவில்லை.

எங்கள் அச்சகத்துக்கு அவள் வந்தது ஒரு சித்திரை மாதம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் எல்லோரும் பட்டாசுக் கம்பெனி வேலை. அவளும் கல்லூரி லீவில் வேன் ஏறி, வெடிக்குத் திரி வைக்கப் போனவள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்துவிட்டு, வேறு எதுவும் கிடைக்காமல், எங்கள் அச்சகத்தில் சீசனுக்கு மட்டும் புரூஃப் பார்க்கச் சேர்ந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். முதல் நாளே என் சோற்றுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெறும் ரசமா? இந்தாங்க" என்று அவள் தூக்குச்சட்டியிலிருந்து கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். கேட்கவே இல்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டெய்லி காலண்டரில் முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஒவ்வொன்றிலும் தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். எல்லாவற்றையும் கையால் ஏற்றி, கண்ணால் சரிபார்ப்போம். அதற்கு முந்தின வருடம் ஒரு மாதம் முழுக்கத் திங்கட்கிழமை ராகு காலம் செவ்வாயில் ஏறிவிட்டது. யாரோ அதைப் பார்த்து நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். காலண்டர் போட்ட பார்ட்டி போனில் கத்தின கத்து எங்கள் அறை வரைக்கும் கேட்டது. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அண்ணாச்சி அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

இந்தக் கதையைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, "கெளமைக்கு ஒரு ராகு காலம்னு ஏற்கெனவே இருக்குல்லக்கா. இத எதுக்கு மனுசன் உக்காந்து பாக்கணும்? ஒரு புரோகிராம் எளுதிறலாம்" என்றாள்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மென்பொருளாவது நேர்வழியில் வந்ததில்லை. எல்லாம் யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்தது. அவள் நெட்டிலிருந்து இறக்கியது அப்படி இல்லை. புரோகிராம் எழுதுவதற்கென்றே ஒரு இடம். எழுத, ஓட்டிப் பார்க்க, தப்பைக் கண்டுபிடிக்க எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து சும்மா கொடுத்தது. அதை உள்ளே ஏற்றும்போது ஒரு நீளமான இங்கிலீஷ் ஒப்பந்தம் திரையில் வந்தது. நான் பார்க்காமலே 'சரி'யை அமுக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருங்கக்கா, வாசிப்போம். இத யாரு வேணா எடுத்துக்கிடலாம், மாத்தலாம், அடுத்தவுகளுக்குக் குடுக்கலாம். எளுதுனவுக பேர மட்டும் எடுக்கக் கூடாது. அம்புட்டுதான் கண்டிசன்."

"படம் வரஞ்சவன் பேரப் போடணும்னா சிவகாசியில ஒரு காலண்டர் வெளிய போகாது" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னமும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரமும், சாயங்காலம் மெஷின் நின்ற பிறகு அவள் பஸ் வரும் வரைக்கும் கொஞ்ச நேரமும்தான் எங்கள் வகுப்பு. இரண்டு பேருமே படித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை. அவளும் கல்லூரியில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான். சொந்தக் கம்ப்யூட்டர் இருந்ததில்லை. முதலில் நாங்கள் எங்கள் அச்சக எழுத்தை அப்படியே கொண்டுபோய் ஒட்டினோம். கோழி கிண்டியதுபோல் வந்தது. பழைய எழுத்துருவை அது படிக்காது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது. ஒரு அடைப்புக்குறியை விட்டால் போதும், கீழே சிவப்பாக நெளிநெளியாய்க் கோடு விழும். என் திரையில் அந்தக் கோடு இல்லாத வரியைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அவள் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். "தாளக் கிளிக்கிற மாதிரிதான்க்கா. ஒண்ணக் கிளி, வாசி, சரியான்னு பாரு, அடுத்ததுக்குப் போ. தாள் தீருற வரைக்கும்." அதற்குப் பிறகு எனக்கு அது மறக்கவில்லை.

நானே எழுதிய முதல் புரோகிராமுக்குப் பதினோரு வரி. கிழமையைச் சொன்னால் ராகு காலத்தைச் சொல்லும். 'திங்கள்' என்று அடித்தேன். 7.30 முதல் 9.00 என்று வந்தது. முப்பத்தைந்து வயதில் நான் எழுதியதை ஒரு இயந்திரம் கேட்டு நடந்தது. அவள் கை தட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் அந்தப் பதினோரு வரியிலேயே நின்றேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஆனி முடிவதற்குள் எழுநூறு வரிக்கு மேல் எழுதிவிட்டாள். பஞ்சாங்கக் கணக்கை ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் முந்நூற்று அறுபத்தைந்து தாளும் வரிசையாக வந்து நிற்கும். தப்பு இருந்தால் அந்தத் தாள் சிவப்பாகும். நான் செய்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, நட்சத்திரம் இந்த இடத்தில் வரணும், நல்ல நேரம் கொஞ்சம் பெரிசா வரணும் என்று சொன்னதுதான். அது எனக்குத் தெரியாததில்லை. அவள் வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. பட்டாசுக்குத் திரி வைத்த புள்ளைக்கு இவ்வளவு வருமா என்று நினைத்தேன். இந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. நினைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனி லாகின் வைத்திருந்தாள். என்ன மாற்றினோம், யார் மாற்றினோம், எப்போது என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் அதில் செய்திருந்தாள். "என்ன செஞ்சாலும் கடைசியில இந்த ரெண்டு பட்டன அமுக்கிருங்கக்கா. என்ன மாத்துனீகன்னு கேக்கும், ரெண்டு வார்த்தை அடிங்க. அப்பதான் தொலையாது. நெட்டுலயும் போயி உக்காந்துக்கிடும்" என்றாள். மாவரைத்த பிறகு கல்லைக் கழுவுகிற மாதிரி எனக்கு அது பழகிவிட்டது.

புரோகிராமைத் திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் 'உருவாக்கியவர்கள்' என்று போட்டு, என் பெயர், ஒரு காற்புள்ளி, அவள் பெயர். அக்கா என்பதால் என்னை முதலில் போட்டிருந்தாள். "என்ன எதுக்குடி போட்ட?" என்று கேட்டேன். "நீங்க சொல்லித்தான எளுதுனேன்" என்றாள்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "இந்த சீசன் முடிஞ்சு திரும்ப வேன் ஏறக் கூடாதுக்கா. எங்கயாவது சத்தம் கேட்டா எங்கம்மா உடனே எனக்குப் போனப் போடும். நான் எடுக்குறதுக்குள்ள அதுக்கு உசுரு போயிரும். ஒரு வருசமாவது அது நிம்மதியா இருக்கட்டும்." சீசன் முடிந்தால் கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானது. அதற்கு அடுத்த வாரம் அவள் ஊர் அம்மன் கோயில் பொங்கல். மூன்று நாள் லீவு போட்டுப் போனாள். இரண்டாம் நாள் காலையில் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஏம்மா, நீங்க என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கீகளாமே, பத்து நிமிசத்துல வாரேன், காட்டு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பத்து நிமிடம். நான் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டம் வந்தது. காற்புள்ளியையும் அதற்குப் பின்னால் இருந்த பெயரையும் எடுத்தேன். 'உருவாக்கியவர்கள்' என்பதை 'உருவாக்கியவர்' என்று திருத்தினேன். மரியாதையாக இரண்டு பட்டனையும் அமுக்கினேன். என்ன மாற்றினாய் என்று கேட்டது. பெயர் மாற்றம் என்று அடித்தேன்.

பதிமூன்று வருடப் பழக்கம், விரல் தானாக அடித்துவிட்டது என்று சொல்லலாம். அந்த இரண்டு வார்த்தையை அடித்தது விரல்தான். அவள் பெயரை எடுத்தது விரல் இல்லை. அவள் இல்லாத நாள், அந்த அறை, அந்த ஒரே இடம் எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்துதான் எடுத்தேன்.

அண்ணாச்சி வந்தார். வேண்டுமென்றே ஒரு தாளில் ராகு காலத்தை மாற்றிக் காட்டினேன், அது சிவப்பானது. குனிந்து அந்தக் கட்டத்தை வாசித்தார். "நீயாம்மா எளுதுன? பரவாயில்லயே!" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். அது போதுமானதாக இருந்தது.

லீவு முடிந்து அவள் கோயில் பொங்கச்சோறு கொண்டுவந்தாள். "அண்ணாச்சி பாத்தாகளாக்கா?"

"பாத்தாக."

"என்ன சொன்னாக?"

"நல்லாருக்குன்னாக."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் பொங்கச்சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் வசதி.

மார்கழியில் கடைசி லோடு போனது. தைப்பொங்கல் கழிந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். போகும்போது என்னிடம், "லீப் வருசம் வந்தா பிப்ரவரிய ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரமே வேன் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. பக்கத்து அச்சகத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் நான் புரோகிராம் எழுதுவதாகச் சொல்லிப் பூரித்துப்போனார். வருடா வருடம் நான் செய்ததெல்லாம் புதுப் பஞ்சாங்கத்தை உள்ளே கொடுத்து ஓட்டியதுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடி விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் போனை எடுப்பேன். அவளைக் கூப்பிட மாட்டேன். செய்தியில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயர்களையும் தேடுவேன். அவள் பெயர் இல்லை என்றதும் மூச்சு வரும். பிறகு அதே கையால் நல்ல நேரத்தைப் பெரிசாக்குவேன். யாருடைய பெயர்களோ அதில் இருந்தன, அவற்றைத் தாண்டித்தான் எனக்கு அந்த மூச்சு வந்தது.

மூன்று வருடம் கழித்து, இந்த ஆடியில், மாதக் காலண்டருக்கும் இதேபோல் வேண்டும் என்றார் அண்ணாச்சி. ரொம்ப நாளைக்குப் பிறகு புரோகிராமின் உள்பக்கத்தைத் திறந்தேன். அந்த மென்பொருள் இடையில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. எந்த வரியில் போய் நின்றாலும் பக்கத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில், அந்த வரியை எழுதியவர் யார், எவ்வளவு நாளாகிறது என்று காட்டியது. கீழே இறங்கினேன். அவள் பெயர். அடுத்த வரி, அவள் பெயர். பத்து வரி, நூறு வரி, எல்லாம் அவள். வெறும் அடைப்புக்குறி மட்டும் இருந்த வரிக்கும் அவள்தான். என் லாகினில் திறந்திருந்ததால், ஒரே ஒரு வரியில் மட்டும் என் பெயருக்குப் பதில் இங்கிலீஷில் 'நீ' என்று இருந்தது. நீ, மூன்று வருடத்துக்கு முன், பெயர் மாற்றம்.

எழுநூறு வரியில் நான் எழுதியது அந்த ஒரு வரி. என் பெயரை நான் எழுதிக்கொண்ட வரி. பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை, ஆனாலும் திரையை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆர்டர் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "யாரு எளுதுனா என்னம்மா? வேல நடக்குதுல்ல. படத்த வரஞ்சவன் யாருன்னு எந்தப் பார்ட்டி கேக்கான்?" என்றார். நான் அன்று சிரித்துக்கொண்டு சொன்ன அதே பேச்சு. அப்படியென்றால் அவளைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்கார வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "வாங்கக்கா! என்ன இம்புட்டுத் தூரம்? சாப்பிட்டீகளா?" என்று ஓடி வந்தாள். நகக்கண்ணில் வெடிமருந்துத் தூள் வெள்ளியாய் மின்னியது. தேய்த்தாலும் போகாது என்று முன்பு அவளே சொல்லியிருக்கிறாள். உள்ளே சுவரில் எங்கள் டெய்லி காலண்டர் தொங்கியது. அவள் வேலை பார்க்கும் கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுத்தது. அட்டையின் கீழே கம்பெனி பெயரை ஏற்றியது நான்தான்.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒருவழியாகச் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்பே அவள், "தெரியும்க்கா" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க பட்டன அமுக்குனா எனக்குப் போன்ல வரும்ல. பொங்க வச்சுக்கிட்டு இருந்தேன். பெயர் மாற்றம்னு வந்துச்சு." காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அண்ணாச்சிக்குக் காட்ட மாத்திருப்பீக, பெறகு திரும்பப் போட்ருவீகன்னு நெனச்சேன். நான் வந்தன்னைக்குச் சொல்லுவீகன்னு பாத்தேன். பெறகு ஒவ்வொரு ஆடிக்கும் போன்ல எடுத்துப் பாப்பேன். இந்த வருசம் பாக்கல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் அவள் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதுவும் என் கணக்கில் ஒரு கேவலம்தான். "லீப் வருசம் பிப்ரவரி இருபத்தொன்பது சரியா வந்துச்சுக்கா. வேனுக்குக் கெளம்பையில தாளக் கிளிச்சிட்டுப் பாத்தேன்" என்றாள், என்னைத் தேற்றுகிறவள் மாதிரி.

"நீ வாடி. திரும்ப வா. அண்ணாச்சிகிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

"வந்து?" என்று கேட்டாள். கேலியே இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். "நீங்க எங்கன உக்காருவீக?"

அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்துகொள்வேன் என்ற பதில் என்னிடம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். நான் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு அவள் எழுந்து, இந்த பஸ்ஸை விட்டால் கடைசி பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லி, என்னோடு நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் அந்த வரியைத் திறந்தேன். அவள் பெயரை முதலில் போட்டேன். என் பெயரை எடுத்தேன். இரண்டு பட்டனையும் அமுக்கினேன். என்ன மாற்றினாய் என்று கேட்டது. இதை எழுதியது இவள்தான் என்று அடித்தேன். அவள் போனுக்குப் போயிருக்கும், அந்நேரம் அவள் வேனில் இருந்திருப்பாள். திரையில் அவள் பெயர் வந்துவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும், இதை மாற்றியது நீ என்று இன்னமும் காட்டுகிறது. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.